வட்டுக் கோப்புடன் கட்டிய பெர்ல் ஹாஷ்: பழுது கண்டறிவது எப்படி

பெர்ல் நிரல்மொழியில் ஒரு ஹாஷை, அதாவது சாவிக்கு ஒரு மதிப்பு என்று தரவை வைத்திருக்கும் மாறியை, வட்டிலுள்ள டிபிஎம் கோப்புடன் (சாவி, மதிப்பு இணைகளைச் சேமிக்கும் எளிய தரவுக் கோப்பு) கட்டுவதற்கு ‘டை’ என்ற கட்டளை இருக்கிறது. 1994இல் பெர்ல் 5 வெளிவந்ததிலிருந்து இதுதான் வழக்கமான முறை. அதற்கு முன்பிருந்த ‘டிபிஎம்ஓபன்’ இன்றும் வேலை செய்யும் என்றாலும் புதிதாக எழுதுபவர்களுக்கு அது தேவையில்லை. கட்டிய பிறகு ஹாஷில் ஒரு சாவிக்கு மதிப்பு தந்தால் அது கோப்பில் எழுதப்படும். சாவியைக் கேட்டால் கோப்பிலிருந்து படிக்கப்படும். நிரல் முடிந்தாலும் தரவு இருக்கும். சர்வர் நிறுவ வேண்டியதில்லை, வினவல் மொழி கற்க வேண்டியதில்லை.

பார்ப்பதற்குச் சாதாரண ஹாஷ் போலவே இருப்பதுதான் இதன் வசதி. பழுதுகளில் பெரும்பாலானவை வருவதும் அங்கிருந்துதான். உண்மையில் ஒவ்வொரு ஒதுக்கீடும் பின்னணியில் ஒரு சி மொழி நூலகத்தின் செயற்கூற்றை அழைக்கிறது. அந்த அழைப்பு தோற்கலாம், அதற்கு அளவு வரம்பு இருக்கலாம், அதே கோப்பை வேறொரு நிரலும் அதே நேரத்தில் தொடலாம். கீழே உள்ள வரிசையில் சோதித்தால் காரணம் சீக்கிரம் பிடிபடும். வரிசையை மாற்றாதீர்கள். கோப்பு சிதைந்துவிட்டது என்று முதலிலேயே முடிவு கட்டுபவர்கள் பலர். பெரும்பாலும் கோப்பு நன்றாகத்தான் இருக்கும்.

தொடங்கும் முன் நகல்

கோப்பைப் பயன்படுத்தும் எல்லா நிரல்களையும் நிறுத்துங்கள். பிறகு கோப்பை நகலெடுத்து, சோதனைகளை நகலின் மீது மட்டும் செய்யுங்கள். நிரல் எழுதிக்கொண்டிருக்கும்போதே எடுத்த நகல் பாதி பழையதும் பாதி புதியதுமாக இருக்கும். அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

பெர்லுடனேயே வரும் எஸ்டிபிஎம் என்ற டிபிஎம் வகையில் கோப்பு ஒன்றல்ல, இரண்டு: ஒன்று ‘.பேக்’ என்றும் மற்றது ‘.டிர்’ என்றும் முடியும். இரண்டையும் சேர்த்தே நகலெடுக்க வேண்டும். ‘.பேக்’ கோப்புக்குள் எழுதப்படாத வெற்றிடங்கள் இருக்கலாம். அதனால் பட்டியலில் தெரியும் அளவும் வட்டில் உண்மையாகப் பிடித்திருக்கும் இடமும் வேறுபடும். நகல் அசலைவிட அதிக இடம் பிடித்தால் அதுவும் ஒரு காரணம். பழுது என்று நினைக்க வேண்டாம்.

முதல் கேள்வி: கட்டு விழுந்ததா?

நிரல் ஓடும்போது தரவு இருக்கிறது, முடிந்ததும் காணாமல் போகிறது என்பது புதியவர்கள் அதிகம் சொல்லும் புகார். பெரும்பாலும் ‘டை’ கட்டளை தோற்றுப்போனதுதான் இதற்குக் காரணம். தோற்றால் பெர்ல் நிரலை நிறுத்துவதில்லை. பொய்யைத் திருப்பித் தந்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. ஹாஷ் அப்போது வெறும் நினைவக ஹாஷாகவே இருக்கிறது. நீங்கள் எழுதுவதையெல்லாம் அன்போடு வாங்கிக்கொண்டு, நிரல் முடியும்போது அத்தனையையும் விட்டுவிடுகிறது.

எனவே கட்டும் வரியின் முடிவில், தோற்றால் கோப்பின் பெயரையும் பிழைச் செய்தி இருக்கும் $! மாறியையும் அச்சிட்டு நிரலை நிறுத்தும் பகுதியைக் கட்டாயம் சேருங்கள். அடுத்து, ‘டைட்’ என்ற செயற்கூற்றை ஹாஷின் மேல் அழைத்து, திரும்பி வருவதை ‘ரெஃப்’பிடம் கொடுத்துப் பாருங்கள். எந்த மாட்யூலுடன் கட்டப்பட்டிருக்கிறது என்று பெயர் வரும். எதுவும் வராவிட்டால் கட்டு இல்லை. ‘யூஸ் ஸ்ட்ரிக்ட்’, ‘யூஸ் வார்னிங்ஸ்’ இரண்டும் நிரலின் தலையில் இல்லாமல் இந்தச் சோதனைகளில் இறங்க வேண்டாம்.

$! தரும் செய்தியே பாதி விடையைச் சொல்லிவிடும். ‘நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’ என்று வந்தால், கோப்பு இல்லாதபோது உருவாக்கச் சொல்லும் ‘ஓ_கிரியேட்’ கொடி விடுபட்டிருக்கிறது, அல்லது பாதை தவறு. பாதையை எப்போதும் மூல அடைவிலிருந்து முழுமையாகக் கொடுங்கள். முனையத்தில் ஓடும் நிரல், குறித்த நேரத்தில் நிரல்களைத் தானே ஓட்டும் கிரான் மூலமோ வலைச் சர்வர் மூலமோ ஓடும்போது நடப்பு அடைவு மாறிவிடும். அப்போது வேறோர் இடத்தில் புதிய காலிக் கோப்பு உருவாகி, தரவெல்லாம் அழிந்துவிட்டதாகத் தோன்றும். கொடிகளின் பெயர்களைத் தருவது எஃப்-சி-என்-டி-எல் மாட்யூல். அதை ஏற்றியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

‘பெர்மிஷன் டினைட்’ வந்தால் கோப்பின் அனுமதியோடு அடைவின் அனுமதியையும் பாருங்கள். புதிய கோப்பை உருவாக்க அடைவில் எழுதும் உரிமை வேண்டும். வலைச் சர்வர் வேறொரு பயனராக ஓடுகிறது என்பதையும் மறக்கக்கூடாது.

இங்கே ஒரு நுட்பமான தவறு இருக்கிறது. அனுமதி எண்ணை 0666 என்று முன்னால் சுழியத்தோடு எழுத வேண்டும். சுழியத்தை விட்டு 666 என்று எழுதினால் பெர்ல் அதைப் பதின்ம எண்ணாக எடுத்துக்கொள்கிறது. எண்மத்தில் (எட்டடிமானத்தில்) அது 1232. அதாவது கோப்பின் உரிமையாளருக்கு எழுதும் அனுமதி மட்டும் உண்டு, படிக்கும் அனுமதி கிடையாது. முதல் முறை நிரல் சரியாக ஓடும். உருவாக்கும் நேரத்தில் இந்தத் தடை செல்லாது. இரண்டாம் முறை ஓட்டும்போது அனுமதி மறுக்கப்படும். ரூட் பயனராக ஓட்டினாலோ எப்போதும் ஓடும்! நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை என்று ஒருவர் சொன்னால் நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்தச் சுழியத்தைத்தான்.

கட்டு சரியாக விழுந்தும் தரவு போகிறதென்றால் நிரலில் இரண்டு இடங்களைப் பாருங்கள். கட்டுவதற்கு முன்பே ஹாஷில் போட்ட மதிப்புகள் கோப்புக்குப் போகாது. அவை மறைந்திருந்து, அவிழ்த்த பிறகு மீண்டும் தெரியும். கட்டிய பிறகு ஹாஷ் முழுவதற்கும் ஒரு பட்டியலை ஒதுக்கினால், கோப்பில் இருந்ததெல்லாம் முதலில் துடைக்கப்படும். தொடக்க மதிப்புகளை அப்படி ஒரே வரியில் ஏற்றுவது சாதாரண ஹாஷில் நல்ல பழக்கம்; இங்கே அது பேரழிவு. ஒவ்வொரு சாவியாகத்தான் ஏற்ற வேண்டும்.

கோப்பை உருவாக்கியது எந்த நூலகம்?

டிபிஎம் என்பது ஒரே கோப்பு வடிவம் அல்ல. 1979இல் கென் தாம்சன் யூனிக்ஸுக்காக எழுதிய மூல நூலகத்திலிருந்து என்டிபிஎம், எஸ்டிபிஎம், ஜிடிபிஎம், பெர்க்லி டிபி என்று ஒரு குடும்பமே வளர்ந்தது. ஒன்று எழுதிய கோப்பை இன்னொன்று படிக்கும் என்று எதிர்பார்க்கக்கூடாது. பெர்லில் ஒவ்வொன்றுக்கும் தனி மாட்யூல் உண்டு. எஸ்டிபிஎம்_ஃபைல் பெர்லுடனேயே வருகிறது. டிபி_ஃபைல் (பெர்க்லி டிபிக்கானது), ஜிடிபிஎம்_ஃபைல் போன்றவை அந்தந்தச் சி நூலகம் கணினியில் இருந்தால்தான் கிடைக்கும்.

எனிடிபிஎம்_ஃபைல் என்ற மாட்யூலைப் பலர் வசதிக்காகப் பயன்படுத்துகிறார்கள். அது என்டிபிஎம், டிபி, ஜிடிபிஎம், எஸ்டிபிஎம், ஓடிபிஎம் என்ற வரிசையில் தேடி, முதலில் கிடைப்பதை எடுத்துக்கொள்கிறது. பழைய கணினியில் ஒன்று கிடைத்திருக்கும், புதிய கணினியில் வேறொன்று கிடைக்கும். நிரலில் ஓர் எழுத்துகூட மாறாமலே கோப்பு திறக்காமல் போவதற்கு இதுவே காரணம். நீண்ட நாள் வைத்திருக்க வேண்டிய தரவுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மாட்யூலின் பெயரை நிரலில் நேரடியாக எழுதிவிடுங்கள்.

கையில் இருக்கும் கோப்பு எந்த வகை என்று அறிய, லினக்ஸில் ‘ஃபைல்’ கட்டளையை அதன் மீது ஓட்டுங்கள். பெர்க்லி டிபி என்றால் ஹாஷ் வகையா, சாவிகளை வரிசைப்படுத்தி வைக்கும் பிட்ரீ வகையா, எந்தப் பதிப்பு, பைட் வரிசை என்ன என்பதுவரை சொல்லும். ஜிடிபிஎம் கோப்பையும் அடையாளம் காட்டும். ‘.பேக்’, ‘.டிர்’ என்று இரட்டைக் கோப்புகள் இருந்தால் எஸ்டிபிஎம் அல்லது என்டிபிஎம் என்று ஊகிக்கலாம்.

எஸ்டிபிஎம் இந்த ஈறுகளைத் தானே சேர்த்துக்கொள்ளும். கட்டும்போது நீங்களும் ஈற்றைச் சேர்த்தால் இரண்டு முறை ஒட்டிய பெயரில் புதிய காலிக் கோப்பு பிறக்கும். டிபி_ஃபைல் எதையும் சேர்க்காது. கொடுத்த பெயரே கோப்பின் பெயர்.

டிபி_ஃபைல் கோப்பைத் திறக்கும்போது ‘இன்வேலிட் ஆர்குமென்ட்’ என்று வந்தால் மூன்று வாய்ப்புகளைப் பாருங்கள்: ஹாஷ் வகையாக உருவாக்கிய கோப்பை பிட்ரீயாகத் திறக்கிறீர்கள், அல்லது வேறு பதிப்பு நூலகம் எழுதிய கோப்பு, அல்லது அது பெர்க்லி டிபி கோப்பே அல்ல. மாட்யூல் எந்தப் பதிப்பு நூலகத்துடன் இணைக்கப்பட்டிருக்கிறது என்பதை அதன் தொகுப்புக்குள் இருக்கும் ‘டிபி_வெர்ஷன்’ மாறியை அச்சிட்டு அறியலாம். பெர்க்லி டிபியின் பழைய 1.85 வடிவத்தையும் அதற்குப் பின் வந்த பதிப்புகளின் வடிவத்தையும் ஒன்றாகக் கருத வேண்டாம்.

உள்ளே போவதும் வெளியே வருவதும்

கட்டு சரி, நூலகம் சரி, ஆனால் இருக்கும் சாவி கிடைக்கவில்லை. இப்போது சாவியின் பைட்டுகளைப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளை நம்பக்கூடாது. ‘அன்பேக்’ செயற்கூற்றால் சாவியைப் பதினாறடிமான வடிவில் அச்சிட்டுப் பாருங்கள். முதலில் தேட வேண்டியது வரி முடிவு. விசைப்பலகையிலிருந்தோ கோப்பிலிருந்தோ படித்த வரியை, வரி முடிவை நீக்கும் ‘சாம்ப்’ செய்யாமல் சாவியாக்கினால் கடைசியில் 0அ என்ற பைட் ஒட்டியிருக்கும்; பதினாறடிமானத்தில் பத்தைக் குறிக்கும் எழுத்தை இங்கே அ என்று எழுதியிருக்கிறேன். விண்டோஸிலிருந்து வந்த கோப்பானால் அதற்கு முன் இன்னொரு பைட்டும் இருக்கும். ‘சாம்ப்’ அதை நீக்காது. சி மொழி நிரல் எழுதிய கோப்பானால் சாவியின் முடிவில் 00 இருக்கக்கூடும்.

தமிழ்ச் சாவிகளுக்கு இன்னும் கவனம் தேவை. டிபிஎம் நூலகங்களுக்குத் தெரிந்தது பைட் மட்டுமே. நிரலின் தலையில் ‘யூஸ் யூடிஎஃப்8’ இருந்தால் உங்கள் தமிழ்ச் சொற்கள் எழுத்துகளாக இருக்கும். அவற்றை அப்படியே சாவியாக்கினால் ‘வைட் கேரக்டர்’ என்ற பிழையுடன் நிரல் நின்றுவிடும். அந்த வரி இல்லாத நிரலில் அதே சொற்கள் பைட்டுகளாகவே இருப்பதால் பிழை வராது. வரியை எடுத்துவிட்டால் சரியாகிறதே என்று பலர் எடுத்துவிடுகிறார்கள். பிறகு எழுத்துகளை எண்ணுவதும் வடிவத் தேடலும் தவறாகிப்போகும். சரியான வழி: எழுதும் முன் ‘என்கோட்’ செயற்கூற்றால் யூடிஎஃப்-8 பைட்டுகளாக மாற்றுங்கள், படித்த பின் ‘டிகோட்’ செய்யுங்கள். ஒவ்வோர் இடத்திலும் இதை எழுதச் சோம்பலாக இருந்தால் டிபிஎம் வடிகட்டிகள் இருக்கின்றன. ‘டிபிஎம்_ஃபில்டர்’ மாட்யூலை ஏற்றி, கட்டிய பொருளின் மேல் யூடிஎஃப்8 வடிகட்டியை ஒருமுறை போட்டுவிட்டால் சாவி, மதிப்பு இரண்டும் போகும்போதும் வரும்போதும் தானே மாறும். சி நிரல்களுக்கான 00 பைட்டைக் கையாளவும் அதிலேயே ஒரு வடிகட்டி உண்டு.

அடுத்தது, கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாத ஒன்று. ஊர்ப் பெயரைச் சாவியாகவும் அஞ்சல் குறியீட்டு எண்ணை மதிப்பாகவும் வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். மதுரை 625001 வருகிறது, தஞ்சாவூர் 613001 வருகிறது, கோயம்புத்தூர் மட்டும் இல்லை என்கிறது. யூனிகோடில் ஓகாரக் குறியை இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாகவும் எழுதலாம். முன்னால் வரும் ஏகாரக் கொம்பையும் பின்னால் வரும் துணைக்காலையும் தனித்தனிக் குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஆனால் கோயம்புத்தூர் என்ற சொல் முதல் வகையில் 39 பைட், இரண்டாம் வகையில் 42 பைட். டிபிஎம்முக்கு அவை இரண்டு வெவ்வேறு சாவிகள். ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றிலும் இது நேரும். ‘யூனிகோட்::நார்மலைஸ்’ மாட்யூலிலுள்ள என்எஃப்சி செயற்கூற்றை எழுதும்போதும் தேடும்போதும் சாவியின் மேல் போட்டுவிட்டால் இரண்டும் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். தமிழ்த் தரவை வைத்து வேலை செய்யும் எவரும் இதை முதல் நாளிலேயே நிரலில் சேர்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பின்னால் சேர்ப்பது கடினம்; கோப்பில் ஏற்கெனவே இரண்டு வடிவங்களும் கலந்துவிட்டிருக்கும்.

அளவு வரம்பு எஸ்டிபிஎம்மின் தனிப் பிரச்சினை. ஒரு சாவியும் அதன் மதிப்பும் சேர்ந்து 1008 பைட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ‘எஸ்டிபிஎம் ஸ்டோர் ரிட்டர்ன்ட் -1, எர்நோ 22’ என்று சொல்லி நிரல் நிற்கும். ஒரு தமிழ்க் குறி யூடிஎஃப்-8இல் 3 பைட் என்பதால் 336 குறிகளே இதில் அடங்கும். புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியே கணக்கில் வரும்: அம்மா என்ற சிறு சொல்லே 15 பைட். ஆங்கிலத் தரவில் நன்றாக ஓடிய நிரல் தமிழ்த் தரவில் விழுவதற்கு இந்தக் கணக்குப் போதும். குறுக்குவழி தேட வேண்டாம். டிபி_ஃபைலுக்கோ ஜிடிபிஎம்_ஃபைலுக்கோ மாறிவிடுங்கள்.

மதிப்பாக இன்னொரு ஹாஷையோ அணியையோ வைக்க முயன்றால், ‘ஹாஷ்’ அல்லது ‘அர்ரே’ என்ற சொல்லும் அடைப்புக்குறிக்குள் ஒரு நினைவக முகவரியும்தான் சரமாகக் கோப்பில் எழுதப்படும். நிரல் முடிந்ததும் அந்த முகவரிக்குப் பொருளில்லை. உள்ளே இருந்த தரவு போனது போனதுதான். இதற்காகக் குருசாமி சாரதி எழுதிய எம்எல்டிபிஎம் மாட்யூல் இருக்கிறது. அது மதிப்பை ‘ஸ்டோரபிள்’ போன்ற ஒன்றால் பைட் சரமாக்கி எழுதுகிறது. அதிலும் ஒரு விதி உண்டு: உள் ஹாஷின் ஓர் உறுப்பை நேரடியாக மாற்றினால் கோப்பு மாறாது. மதிப்பு முழுவதையும் ஒரு தற்காலிக மாறியில் எடுத்து, அதை மாற்றி, மீண்டும் முழுவதுமாக ஒதுக்க வேண்டும்.

வரையறுக்கப்படாத மதிப்பை எழுதினால் அது வெற்றுச் சரமாகத் திரும்பி வரும். எனவே சாவி இருக்கிறதா என்று அறிய ‘எக்ஸிஸ்ட்ஸ்’ பயன்படுத்துங்கள். ‘டிஃபைன்ட்’ இங்கே ஏமாற்றும். பெரிய கோப்பில் ‘கீஸ்’ எல்லாச் சாவிகளையும் நினைவகத்துக்கு இழுத்துவிடும்; ‘வைல்’ சுற்றுக்குள் ‘ஈச்’ வைத்து ஒவ்வொன்றாக எடுங்கள். அந்தச் சுற்று ஓடும்போது அதே ஹாஷில் சேர்ப்பதும் நீக்குவதும் கூடாது. நீக்க வேண்டியவற்றைத் தனி அணியில் குறித்துவைத்து, சுற்று முடிந்ததும் நீக்குங்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு நிரல்கள்

கோப்பு உண்மையிலேயே சிதைகிறது என்றால், பூட்டு இல்லாததே முதல் சந்தேகம். ஜிடிபிஎம் தானாகவே பூட்டிக்கொள்கிறது: ஒருவர் எழுதலாம், அல்லது பலர் படிக்கலாம். எழுதுபவர் இருக்கும்போது வேறொருவர் கட்ட முயன்றால், வழக்கமான அமைப்பில் அது காத்திருக்காமல் தோல்வியைத் திருப்பித் தரும். சிறிது நேரம் விட்டு மறுபடி முயலும் சுற்றை நீங்கள்தான் எழுத வேண்டும். எஸ்டிபிஎம்மும் டிபி_ஃபைலும் உங்களுக்காக எதையும் பூட்டுவதில்லை.

பழைய நிரல்களில் ஒரு முறை பரவலாகத் தென்படும். முதலில் ஹாஷைக் கட்டுவார்கள், பிறகு அதன் கோப்பு எண்ணை வாங்கி அதன் மீது ‘ஃபிளாக்’ என்ற கோப்புப் பூட்டைப் போடுவார்கள். பார்க்கச் சரியாகத் தோன்றும் இது தவறு. பெர்க்லி டிபி கட்டும் நேரத்திலேயே கோப்பின் தொடக்கத்தைத் தன் இடைநினைவகத்தில் படித்து வைத்துக்கொள்கிறது. பூட்டு கிடைக்கக் காத்திருக்கும்போது வேறொரு நிரல் கோப்பை மாற்றியிருக்கலாம். பூட்டு கிடைத்த பிறகு நம் நிரல் வைத்திருப்பது பழைய தகவல். அதை வைத்து எழுதினால் கோப்பு குலைகிறது. டிபி_ஃபைலின் ஆவணமே இந்த முறையைப் பற்றி எச்சரிக்கிறது.

சரியான முறைக்குத் தரவுக் கோப்பின் பக்கத்தில் தனியாக ஒரு பூட்டுக் கோப்பு வேண்டும். அதைத் திறந்து ‘ஃபிளாக்’ போடுங்கள். படிக்க மட்டும் என்றால் பகிர்வுப் பூட்டு, எழுத வேண்டுமென்றால் தனிப்பூட்டு. பூட்டு கிடைத்த பிறகே ஹாஷைக் கட்டுங்கள். வேலை முடிந்ததும் முதலில் ஹாஷை அவிழ்த்து, அதற்குப் பிறகு பூட்டுக் கோப்பை மூடுங்கள். இதே வரிசையை அந்தக் கோப்பைத் தொடும் ஒவ்வொரு நிரலும் பின்பற்ற வேண்டும். ஒரு நிரல் தவறினாலும் மற்றவற்றின் பூட்டுக்குப் பயனில்லை. வலைவழிப் பகிரும் என்எஃப்எஸ் அடைவுகளில் இந்தக் கோப்புகளை வைக்காமல் இருப்பது நல்லது.

அவிழ்ப்பதிலும் ஒரு தடை உண்டு. கட்டளை திருப்பித் தரும் பொருளை ஒரு மாறியில் வைத்திருந்தால், ‘அன்டை’ சொன்ன பிறகும் அந்த மாறி பொருளைப் பிடித்துக்கொண்டிருக்கும். கோப்பு மூடப்படாது, இடைநினைவகத்தில் இருப்பது எழுதப்படாமல் போகலாம். எச்சரிக்கைகள் இயங்கினால், உள் குறிப்பு ஒன்று இன்னும் இருக்கிறது என்று பெர்ல் சொல்லும். அந்த மாறியை முதலில் ‘அன்டெஃப்’ செய்துவிட்டுப் பிறகு அவிழ்க்க வேண்டும். நெடுநேரம் ஓடும் நிரலானால் இடையிடையே, இடைநினைவகத்தில் இருப்பதைக் கோப்பில் எழுதும் ‘சிங்க்’ மெத்தடை அழையுங்கள். இல்லாவிட்டால் நிரலை வலுக்கட்டாயமாக நிறுத்தும்போது டிபி_ஃபைலின் கடைசி மாற்றங்கள் போய்விடக்கூடும்.

மீட்பும் மாற்றமும்

சிதைந்த பெர்க்லி டிபி கோப்புக்கு, அந்த நூலகத்துடன் வரும் ‘டிபி_வெரிஃபை’ கருவியை ஓட்டிப் பாருங்கள். குறை சொன்னால் ‘டிபி_டம்ப்’ கருவியைச் சிறிய ஆர் (-r) விருப்பத்தேர்வுடன் ஓட்டினால் மீட்கக்கூடியதை உரையாக எடுத்துத் தரும். பெரிய ஆர் (-R) இன்னும் ஆழமாகத் துருவும், ஆனால் ஏற்கெனவே நீக்கிய பதிவுகளும் குப்பையும் சேர்ந்து வரும். கிடைத்ததை ‘டிபி_லோடு’ கருவியால் புதிய கோப்பில் ஏற்றலாம். ஜிடிபிஎம்முக்கு ‘ஜிடிபிஎம்_டம்ப்’, ‘ஜிடிபிஎம்_லோடு’ உண்டு. எஸ்டிபிஎம்முக்கு, ‘ஈச்’ சுற்றால் படிக்க முடிந்தவரை படித்து வெளியே எழுதும் சிறு நிரலே வழி.

கணினி மாற்றும்போதும் இப்படித்தான்: பழைய கணினியில் உரையாக இறக்கி, புதியதில் ஏற்ற வேண்டும். சொந்த நிரலால் இறக்கினால் சாவியையும் மதிப்பையும் பதினாறடிமானமாக எழுதுங்கள். மதிப்புக்குள் இருக்கும் வரி முடிவோ தாவலோ வரிகளைக் குழப்பாது. ஏற்றும்போதே தமிழ்ச் சாவிகளை என்எஃப்சி வடிவுக்கு மாற்றிவிடலாம். மாற்றிய பிறகு ஒரே சாவி இரண்டு முறை வந்தால் மேலெழுதாமல், இரண்டு மதிப்புகளையும் தனிக் கோப்பில் எழுதிவைத்து நீங்களே பார்த்து முடிவு செய்யுங்கள். இறக்கிய வரிகளின் எண்ணிக்கையையும் புதிய கோப்பிலுள்ள சாவிகளின் எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள்.

பல நிரல்கள் ஒரே நேரத்தில் எழுத வேண்டிய தேவை இருந்தால், இந்த உரைக் கோப்பை ‘டிபிடி::எஸ்க்யூலைட்’ வழியாக எஸ்க்யூலைட் என்ற, ஒரே கோப்பில் இயங்கும் தரவுத்தளத்தின் அட்டவணையில் ஏற்றிவிடுவதே மேல்: இரண்டு நெடுவரிசைகள், சாவி முதன்மைச் சாவியாக இருக்கட்டும். பூட்டும் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். அந்தக் கோப்பை வேறு பைட் வரிசையுள்ள கணினிக்கும் அப்படியே எடுத்துச் செல்லலாம்.